அஷ்டமி ராத்திரி அடுப்படி

போன வாரம் வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. குழவி பாதிச் சுற்றில் அப்படியே நின்றது. கீழே ஜெனரேட்டர் உறுமி, தலைக்குமேல் ஃபேன் மறுபடி சுழல்வதற்குள் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கண் இமைக்கிற நேரம்தான். அதற்குள் அரைபட்ட உளுந்தின் வாசனை எழுந்து என்னைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோய்விட்டது. லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்தில், கரிப்புகை படிந்த ஒரு ஓட்டல் சமையல்கட்டில், மாவும் கையுமாக நிற்கிறேன். வெளியே டாக் மேளம் முழங்குகிறது. யாரோ கத்துகிறார்கள்: "லைட் போச்சு!"

அப்போது எனக்கு இருபதைத் தாண்டிக் கொஞ்சம் வயது. கும்பகோணத்தில் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் பண்ணிவிட்டு, சித்தப்பாவை நம்பி ஹௌராவுக்கு ரயிலேறியவன். சித்தப்பா டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட். அவர் தலைமுறையில் டைப்பிஸ்ட், ஸ்டெனோ, கணக்கர் என்று நம் பக்கத்து ஆட்கள் அந்த வட்டாரம் முழுக்க நிறைந்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கம்பெனிகள் பம்பாய்க்கும் டெல்லிக்கும் நகரத் தொடங்கியிருந்தன. புதிதாக ஆள் எடுப்பாரில்லை. "வீட்ல குந்திண்டு பேப்பர் படிக்காதே" என்று சித்தப்பா தனக்குப் பழக்கமான ஒரு ஓட்டல் முதலாளியிடம் கொண்டுபோய் விட்டார். பில் எழுதத்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஆள் வராத ஒருநாள் உள்ளே கூப்பிட்டார்கள். உள்ளே போனவன் உள்ளேயே தங்கிவிட்டேன்.

அந்த நாளில் லேக் மார்க்கெட்டைச் சுற்றி நடந்தால் மாயவரத்துக் கடைத்தெருவில் நடக்கிற மாதிரிதான் இருக்கும். வாழை இலைக் கட்டு, தொடுத்த மல்லிகை, கறிவேப்பிலை, அப்பளம், அப்போதே வறுத்து அரைத்துத் தரும் காப்பிப்பொடி எல்லாம் கிடைக்கும். சாயங்காலமானால் மாமிகள் பையோடு வருவார்கள். மீன் கூடைக்கும் பூக்கூடைக்கும் நடுவே ஒரு மாமி மூக்கைப் பொத்திக்கொண்டே, சரளமான வங்காளியில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசுவதைக் கேட்கலாம். கோமள விலாஸ், பிரேம விலாஸ், ராவ்ஸ் உடுப்பி ஹோம் என்று தெரிந்த பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எங்கள் கடை அவ்வளவு பெரியதில்லை. சந்துக்குள் இருந்தது. ஆனால் ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராமை விட்டு இறங்குகிறவனுக்கு சாம்பார் வாசனையே வழிகாட்டும்.

முதலாளி பாலக்காட்டுக்காரர். நெற்றியில் விபூதி, தோளில் துண்டு. கல்லாவை விட்டு எழுந்தால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். தோசை மாஸ்டர் கல்லிடைக்குறிச்சிப் பக்கம். முதலாளியைச் "சாமி" என்பார். எங்களையெல்லாம் "எலே" என்பார். இவர்கள் இருவரோடு நானும் சேர்ந்தால், சமையல்கட்டில் தமிழ் பேசுகிற கணக்கு முடிந்தது. மற்றவர்கள் எல்லாம் வேறு ஊர். சாம்பார், கூட்டு, உருளைக்கிழங்கு மசாலா இவற்றுக்குப் பொறுப்பு கஞ்சாம் ஜில்லாவிலிருந்து வந்த ஒடியாக்காரர். கல்கத்தாவில் சமையல்காரரைத் 'தாகுர்' என்பது வழக்கம். அவரும் எங்களுக்குத் தாகுர்தான். காய் நறுக்க, தேங்காய் துருவ, பாத்திரம் தேய்க்க மேதினிபூர்ப் பையன்கள். தண்ணீர் தூக்குகிறவரும் ஒடியாக்காரர். முன்னால் தொங்கிய பலகையில் மட்டும் அசல் தென்னிந்தியச் சாப்பாடு என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது.

தாகுர் பெருங்காயத்தைக் கட்டியாக நெய்யில் பொரித்து, அது உப்பி வெடிக்கிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் புளித்தண்ணீரில் போடுவார். என் அம்மாவும் அப்படித்தான் செய்வாள். ஒரே வித்தியாசம், கடைசியில் ஒரு துண்டு வெல்லம் கூடப் போடுவார். வங்காளி நாக்குக்கு அது வேண்டும். முதலில் முகம் சுளித்த நான், ஊருக்குப் போய் அம்மா சாம்பாரைச் சாப்பிட்டபோது, "என்னவோ குறையறதே" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

இப்போது அஷ்டமிக்கு வருகிறேன். துர்கா பூஜை என்றால் வங்காளிக்கு மீனும் மட்டனும் பிரியாணியும் இல்லாமல் இல்லை. ஆனால் மகா அஷ்டமி அன்று மட்டும் கணக்கு மாறும். காலையில் குளித்து, பட்டினியாகப் போய், பந்தலில் அம்மன்முன் கைநிறையப் பூவோடு அஞ்சலி செலுத்திவிட்டு வருவார்கள். அன்றைக்கு ஏராளமான வீடுகளில் நிராமிஷ், அதாவது சைவம்தான். வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. வருஷத்தில் மற்ற நாளெல்லாம் எங்கள் கடையை ஒரு மாறுதலுக்காக எட்டிப் பார்க்கிறவர்கள், அன்று குடும்பம் குடும்பமாகப் புதுத்துணியோடு வந்து நிற்பார்கள்.

ஆகையால் அன்று காலை முதலாளியின் முதல் உத்தரவு: "இன்னிக்கு வெங்காயம் வாசப்படி தாண்டப்படாது." சாம்பாருக்கு மஞ்சள் பூசணியும் முள்ளங்கியும். மசாலாவுக்கு வெறும் உருளைக்கிழங்கு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை. வாசலில் ஒவ்வொரு குடும்பமும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றாத குறையாக உள்ளே வரும்: "பேயாஜ் நேய் தோ?" வெங்காயம் இல்லையே? இல்லை, இல்லை என்று சப்ளையர்கள் சத்தியம் பண்ணாத குறை.

மத்தியானம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ராத்திரிக்கும் மறுநாளைக்குமாகச் சேர்த்து இரண்டாம் ஈடு உளுந்து கிரைண்டரில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வடைக்கு ஊறிய கடலைப்பருப்பு ஒரு அண்டா நிறைய. சட்னிக்குத் தேங்காய் துருவிக் குவித்தாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் கரண்ட் போயிற்று.

அந்தக் கல்கத்தாவில் இருந்தவர்களுக்கு 'லோட்ஷெடிங்' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஹரிக்கேன் விளக்கில் படித்து இன்ஜினியர் ஆன காலம் அது. ஆனால் அன்று போனது அந்த வகையில்லை. எதிர்ச் சாரி வீடுகளில் விளக்கு இருந்தது. பந்தலிலும் இருந்தது. சந்தன்நகர்க் கலைஞர்கள் சின்னச் சின்ன பல்புகளால் செய்த மயில் தோகை விரித்து, மூடி, மறுபடி விரித்துக்கொண்டிருந்தது. எங்கள் சந்துக்கு மட்டும் பாரம் தாங்காமல் எங்கோ லைன் எரிந்துவிட்டது. அஷ்டமி அன்று அதைப் பார்க்க ஆள் எங்கே கிடைப்பான்?

கிரைண்டர் நின்றால் ஒரு தமிழ் ஓட்டல் எப்படி நிற்கும் என்று அன்றுதான் பார்த்தேன். இந்த யந்திரம் கோயம்புத்தூரில் 1955-இல் பிறந்தது. சபாபதி என்பவர் உருவாக்கினார். அதற்கு முன்னால் ஓட்டல்களில் அரைவைக்கென்றே ஆள் இருப்பார்கள். அவர்கள் தோள் ஓய்ந்தது இந்த மோட்டாரால்தான். மோட்டார் ஓய்ந்தால் தோள் திரும்பி வரவேண்டும். பின்கட்டில் துணி துவைக்கிற மேடையாகக் கிடந்த பழைய ஆட்டுக்கல்லைத் தேய்த்துக் கழுவினோம். பாதி அரைந்த உளுந்தை மேதினிபூர்ப் பையன்கள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆட்டத் தொடங்கினார்கள். அது மறுநாள் இட்லிக்குத்தான் உதவும். அன்று ராத்திரிக்கு, முதல்நாள் அரைத்துப் பொங்கியிருந்த மாவு மட்டுமே கையிருப்பு.

மாஸ்டர் அடுக்கைத் திறந்து பார்த்தார். கரண்டியால் கலக்கிப் பார்த்தார். "எலே தம்பி, இது எட்டு மணி வரைக்கும் தாங்காது." அவர் கண்ணளவு தப்பி நான் பார்த்ததில்லை.

அவர் வேலை செய்வதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆள் நீளத்துக்கு ஒரு தோசைக்கல், கீழே கரி அடுப்பு. கல்லின் மேல் தண்ணீர் தெளித்தால் அது முத்து முத்தாக உருண்டு ஓடவேண்டும். ஓடாமல் ஒட்டிக்கொண்டு சீறினால் சூடு போதாது. சின்னத் தென்னந்துடைப்பத்தால் ஒரே வீச்சில் கல்லைப் பெருக்குவார். இடது கையால் கிண்ணத்து மாவு ஊற்றி, அதன் அடியாலேயே வட்டம் இழுப்பார். ஒன்று விரிந்து முடிவதற்குள் அடுத்தது விழுந்திருக்கும். வரிசையாக ஆறு விரியும்போது முதலாவதின் ஓரம் சிவந்து தானாகக் கல்லை விட்டு எழும்பும். அதுவரை திருப்பியை அதன் பக்கமே கொண்டுபோக மாட்டார். வெளியே எவ்வளவு கூச்சல் இருந்தாலும் சரி. "அது எந்திரிக்கும்போது எடுத்தா போதும்லே" என்பார்.

இருட்டியது. வங்காளத்தில் ஹாஜாக் என்கிற பெட்ரோமாக்ஸ் இரண்டை வாடகைக்குக் கொண்டுவந்து, ஒன்றை ஹாலில் மாட்டினார்கள், ஒன்றை எங்கள் தலைக்குமேல். கரி அடுப்பின் வெக்கையோடு அதன் வெக்கையும் சேர்ந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாததால் மிளகாய் தாளித்த நெடி வெளியே போக வழியின்றிச் சுற்றிச் சுற்றி வந்தது. போதாக்குறைக்கு ஆசுவின மாதத்து மழை ஒன்று திடீரென்று கொட்டியது. தேசப்பிரிய பார்க் பக்கம் பந்தல் பார்க்கப் போன கூட்டத்தில் ஒரு பகுதி ஒதுங்க இடம் தேடி எங்கள் சந்துக்குள் பாய்ந்தது. ஒதுங்க வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

"மசாலா நாலு! நெய் ரோஸ்ட் ரெண்டு! மூணாம் டேபிள் இட்லி எங்கே?" சப்ளையர்கள் ஜன்னலில் தலையை விட்டுக் கத்த, மாஸ்டர் பதில் சொல்லவில்லை. இட்லி ஆறு மணிக்கே முடிந்துவிட்டது. சட்னி இல்லை. தேங்காயைத் துருவினபடியே போட்டு, தயிர் விட்டு, கடுகு தாளித்துப் பச்சடி என்று அனுப்பினார் தாகுர். ஒரு சப்ளையர் கையில் மூன்று தட்டோடு திரும்பியவன் தண்ணீர்க்காரரின் தகர டின் மேல் மோதினான். தட்டு ஒரு பக்கம், டின் ஒரு பக்கம். தரை முழுக்க சாம்பாரும் கங்கை நீரும். அதன்மேலேயே சாக்கை விரித்துவிட்டு வேலை தொடர்ந்தது.

தோசை மாவு அடிக்கு வந்ததும் மாஸ்டர் கட்சி மாறினார். "இனிமே ரவாதான்னு சொல்லு." ரவா தோசைக்கு அரைவை வேண்டாம். ரவை, அரிசி மாவு, மைதா, மோர், இஞ்சி, மிளகு, சீரகம். நீர்க்கக் கரைத்துக் கல்லில் விசிறவேண்டியதுதான். மசால் தோசை கேட்டவனுக்கும் ரவா மசாலா. வெறும் தோசை கேட்டவனுக்கும் ரவா. ஆனால் ரவா தோசைக்கு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் பிய்ந்துவிடும். ஜன்னலில் தலைகள் கூடின. "தாதா, ஆர் கொதோக்கோன்?" (இன்னும் எவ்வளவு நேரம்?) என்று ஹாலிலிருந்து வந்த குரல்களில் முதலில் இருந்த மரியாதை மெல்லக் கழன்றுகொண்டிருந்தது. ரவையும் தீர்ந்தது.

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து உள்ளே வந்தார். கதவைச் சாத்திவிடலாமா என்று யோசித்தார் என்று நினைக்கிறேன். அப்போது தாகுர் தேய்த்துக்கொண்டிருந்த அண்டாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பாபு, மைதா ஒரு மூட்டை இருக்கு. வடைக்கு ஊறின பருப்பு அப்படியே இருக்கு. லுச்சி போடலாம்."

"நம்ம கடையில லுச்சியா? போர்டுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமோ?"

"போர்டு வெளியில இருக்கு பாபு. இன்னைக்கு அஷ்டமி. இவங்க வீட்டுல இன்னைக்கு என்ன சாப்பிடுவாங்களோ, அதைக் கொடுப்போம்."

முதலாளி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் துடைப்பத்தைக் கீழே வைத்தார். "எண்ணெய்ச் சட்டிய நான் ஏத்துறேன் சாமி. தேய்க்க ஆளு வேணும்." அவ்வளவுதான் சம்மதம்.

அம்மன் எங்களுக்கு ஒரு உபகாரம் பண்ணினாள். அந்த வருஷம் சந்தி பூஜை அன்று ராத்திரியில் அமைந்தது. அஷ்டமியின் கடைசி 24 நிமிஷமும் நவமியின் முதல் 24 நிமிஷமும் சேர்ந்த அந்த 48 நிமிஷத்தில்தான் தேவி சாமுண்டியாக வருகிறாள் என்பது நம்பிக்கை. 108 தாமரை வைத்து, 108 விளக்கு ஏற்றுவார்கள். மழையும் விட்டிருந்தது. டாக் சத்தம் ஒரேயடியாக உச்சத்துக்குப் போனதும் வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் பந்தலுக்கு ஓடினார்கள். அந்த இடைவெளி எங்களுக்குக் கிடைத்தது.

வடைக்கென்று மணிக்கணக்காக ஊறிய பருப்பு ஆதலால் சீக்கிரம் வெந்தது. குழையாமல், பருப்பு பருப்பாக நிற்கிற பதத்தில் தாகுர் இறக்கினார். நெய்யில் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிச் சிவக்க வறுத்தார். பிரிஞ்சி இலை, சீரகம், வற்றல் மிளகாய், இஞ்சி, கொஞ்சம் சர்க்கரை. அதுதான் சோலார் டால். மைதாவில் நெய்யை விட்டு விரலால் கசக்கி, பிடித்தால் பிடிபட்டு உதிர்த்தால் உதிர்கிற பதம் வந்த பிறகுதான் தண்ணீர் தெளித்தார். மேதினிபூர்ப் பையன்கள் ஆட்டுக்கல்லை விட்டு எழுந்து வந்து தேய்க்க உட்கார்ந்தார்கள். மாவு தொடாமல், எண்ணெய் தொட்டுத் தேய்த்தார்கள். அதுவரை யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத பையன் ஒருவன் அன்று என் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி, "இப்படி இல்லே" என்று காட்டிக் கொடுத்தான். லுச்சி நம் பூரி மாதிரி சிவக்கக்கூடாது. எண்ணெயில் விழுந்து, கரண்டி முதுகால் ஒரு தட்டுத் தட்டியதும் பொம்மென்று எழும்பி, வெள்ளையாகவே வெளியே வரவேண்டும். தோசைக்குச் சிவப்பு பார்த்தே பழகிய மாஸ்டருக்கு அது பெரிய சோதனை. "வேகலியேலே, வேகலியேலே" என்று புலம்பிக்கொண்டே எடுத்தார்.

பூஜை முடிந்து கூட்டம் திரும்பியது. லுச்சி என்று சப்ளையர் சொன்னதும் ஹாலில் ஒரு சிரிப்பு அலை. தமிழன் கடையில் அஷ்டமி லுச்சி! ஒரு பெரியவர் முதல் விள்ளலை வாயில் போட்டுவிட்டு, சமைத்தது யார் என்று எழுந்தே வந்துவிட்டார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவருக்குத் தாகுர் ஈரக்கையோடு கும்பிடு போட்டார். நள்ளிரவு தாண்டியும் சட்டி இறங்கவில்லை. மூட்டை காலியானது.

எங்களுக்கு என்று பத்து லுச்சி எடுத்து வைத்திருந்தேன். தாகுர் தொடவில்லை. மூலையில் பானையில் தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை எடுத்து, உப்பும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். மாஸ்டர் அதைப் பார்த்து, "எனக்கும் கொஞ்சம் போடுவே" என்று தட்டை நீட்டினார். இத்தனை வருஷம் அடுத்தடுத்த அடுப்பில் நின்ற இரண்டு பேர் ஒரே பானையிலிருந்து பழையது சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் படுக்க முடியவில்லை. விடிந்தால் நவமி, ஆயுத பூஜை. நியாயமாக அன்று கருவிகளுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். கல்கத்தாவில் நவமி அன்று அடுப்பு அணைக்கிற ஓட்டல்காரன் கிடையாது. அதனால் விடியுமுன் பூஜையை முடித்துவிட்டு, கற்பூரம் அணைந்ததும் வேலையைத் தொடங்கிவிடுவோம். எங்கள் கிரைண்டருக்கு வருஷத்தில் இரண்டு பூஜை. செப்டம்பர் 17-ஐ ஒட்டி விஸ்வகர்மா பூஜை வரும். வானமெல்லாம் பட்டம் பறக்க, தாகுரும் பையன்களும் அதற்கு மாலை போடுவார்கள். அடுத்து நாங்கள் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்போம். அந்த வருஷம் விடியற்காலையில் கரண்ட் வந்த கையோடு கிரைண்டருக்குச் சந்தனம், தோசைக்கல்லுக்குக் குங்குமம். முதலாளி தானாகவே ஒரு சப்பாத்திக் கட்டையை எடுத்துத் துடைத்து, தோசைத் திருப்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் பிறகு ஊர் திரும்பி வேறு வேலைக்குப் போய்விட்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காகக் கொல்கத்தா போனபோது சந்தைத் தேடிப் போனேன். கடை இல்லை. லேக் மார்க்கெட் இருந்த இடத்தில் மால் எழுந்திருக்கிறது. வெளியே நடைபாதையில் மல்லிகையும் வாழை இலையும் மட்டும் விடாப்பிடியாக உட்கார்ந்திருக்கின்றன. எஸ்பிளனேடு–மைதான் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற டிராம்களை நிறுத்தப்போவதாக மாநில அரசு 2024-இல் சொன்னது. துர்கா பூஜையை 2021-இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டுச் சொத்தாக ஏற்றது. எங்கள் பக்கத்துத் தேசப்பிரிய பார்க்கில் 2015-இல் பிரம்மாண்டமாக ஒரு துர்கை வைத்து, கூட்டத்தைத் தாங்கமுடியாமல் பஞ்சமி அன்றே போலீஸ் பந்தலை மூடவேண்டி வந்தது. தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன. தோசை குறையவில்லை. ஆபீஸ் வாசலிலும் மெட்ரோ ஸ்டேஷன் வாசலிலும் கல்லில் தண்ணீர் தெளித்து, அது உருள்கிறதா என்று பார்த்துவிட்டு மாவு ஊற்றுகிற பையன்களைக் கண்டேன். ஒருவனிடம் ஊர் எது என்று கேட்டேன். மேதினிபூர் என்றான். எங்கே கற்றாய் என்றதற்கு, மாமாவிடம் என்றான்.

முதலாளியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் தகாது. அந்த அஷ்டமிக்கு அடுத்த வருஷம், பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, சொல்லாமலே மைதா மூட்டை வந்து இறங்கியது. கரும்பலகையில் அஷ்டமி ஸ்பெஷல் என்று வங்காளியில் எழுதச் சொன்னார். அதோடு பூஜை போனஸ் நோட்டையும் எடுத்தார். அதுவரை தோசை மாஸ்டருக்கு ஒரு தொகை, தாகுருக்கு அதில் பாதி என்பது கடை வழக்கம். பில் எழுதுகிற பழைய பழக்கத்தில் நானும் அப்படியே எழுதப்போனேன். முதலாளி என் கையைத் தட்டினார். "ரெண்டும் ஒண்ணு" என்றார். "மாஸ்டர்கிட்ட நான் பேசியாச்சு. அவர்தான் சொன்னார்."